இரண்டு கீறல் போட்ட ஜெட்

மலையாண்டி பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்லக் கொஞ்சம் கற்பனை வேண்டும். பால் பல் விழுவதற்கு முன்பே சம்மட்டி பிடித்து, நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி உடைத்து வளர்ந்தவருக்கு அது வாய்க்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்வார், கையில் பட்டதைச் சொல்வார், அதோடு நிறுத்திக்கொள்வார். அவர் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறது. ஒரு சொல் கூட்டவில்லை.

பேய் பிசாசு எல்லாம் ராத்திரிச் சமாச்சாரம் என்று தைரியமாக இருப்பவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். இது நடந்தது பட்டப்பகலில். 1964, பங்குனி கடைசி.

அன்னவாசல் கடைத்தெருக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மலையாண்டியின் கடை. சைக்கிள் வரும், பம்புசெட் எஞ்சின் வரும், எப்போதாவது மோட்டார் சைக்கிள் வரும். தங்கை செவந்தியை அழகுமலைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அழகுமலை கிணறு வெட்டுகிறவன். இந்தப் பக்கம் கிணறு வெட்டுவது என்றால் மண்வெட்டி வேலை இல்லை. ஆள் உயரத்துக்குக் கீழே பாறை. துளை போட்டு, வெடி வைத்து, புகை அடங்குமுன் இறங்கி அள்ள வேண்டும். அவனுடைய அண்ணன் வெடிக்காத வெடியைத் தோண்டப் போய் அப்படி ஒரு கிணற்றுக்குள் முடிந்தான். கூடையில்தான் மேலே வந்தான். அழகுமலைக்கு முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் நெஞ்சு முழுக்கப் பாறைத் தூள். சிரித்தால் இருமுவான். இருமினால் நிற்காது.

கிணற்றுக் காண்டிராக்டர் உடையப்பன் ஒரு வழி காட்டினார். அவருக்குப் பல ஊர்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. சுற்றிப் பார்த்துவர ஆள் தேவைப்பட்டது.

“சித்திரை ஒண்ணாந் தேதி சொந்த வண்டியோட வந்து நில்லு. மேஸ்திரி ஆக்குறேன். வண்டி இல்லியா, பழையபடி கயத்தப் பிடிச்சு எறங்கு.”

செவந்தியின் தோடு போயிற்று. கறம்பக்குடிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் ரெங்கசாமி என்ற விவசாயியிடமிருந்து வண்டி வந்தது. ஒற்றைச் சிலிண்டர், மூன்று கியர், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிற சின்ன வண்டி. புதிதாகப் பழகுகிறவனுக்குத் தோதானது. ‘தம்பி வாங்கின வண்டி, இப்ப ஓட்ட ஆளில்ல’ என்று மட்டும் ரெங்கசாமி சொன்னாராம். ஏன் ஆளில்லை என்று அழகுமலை கேட்கவில்லை. கிடைத்த சந்தோஷத்தில் யார் கேட்பார்கள்?

வறண்ட கண்மாய்க்குள் வைத்து மலையாண்டிதான் பழக்கிவிட்டார். செவந்தி கரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

“சைக்கிள்லயே எரும மேயிற மாதிரிதான் போவாரு. இவருக்கு மோட்டாரு.”

“நாளைக்கு மேஸ்திரி பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டுப் பின்னாடி ஏற வருவீல்ல, அப்பப் பேசிக்கிறேன்” என்றான் அழகுமலை. சிரித்தான். இருமினான்.

முதல் தகராறு புதுக்கோட்டை ரோட்டில் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தான்.

மலையாண்டி பார்த்தார். டாங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி விழுகிறது.

“அப்ப நோவு கார்புரேட்டர்லதான் மாப்ள.”

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. ஒரு பக்கம் திறந்த வாய். அந்த வாய் வழியாகத்தான் வண்டி மூச்சு இழுக்கும். அடியில் பெட்ரோல் தங்குகிற கிண்ணம். கிண்ணத்திலிருந்து பெட்ரோலை அளந்து மேலே அனுப்புவது ஜெட். கடலைப் பருப்பு அளவுப் பித்தளை, நடுவில் தலைமயிர் போகிற ஓட்டை.

கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் அரிசி கிடந்தது. மூன்று மணி. பச்சரிசி. பெட்ரோலில் ஊறியும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

“எலி கொண்டாந்து போட்டிருக்கும்.”

“எலி பெட்ரோலா மச்சான் குடிக்குது?”

“நீ குடிக்கிற கள்ளுக்கு அது தேவல.”

துடைத்து மாட்டினார். ஓடியது.

அடுத்தது இலுப்பூர் ரோட்டில். அதே நெரிப்பு. இந்தத் தடவை கிண்ணத்தில் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம். மோந்து பார்த்தார். ஆயில் வாசனை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி, சீயக்காய்.

“செவந்தி வண்டியக் கழுவுனாளா?”

“அவ தொடவே மாட்டேங்கிறா. தோட்டு ஞாபகம் வருதாம்.”

டாங்கை முழுக்க வடித்து, வேட்டித் துணியில் பெட்ரோலை வடிகட்டி ஊற்றினார். ஜெட்டை வெளிச்சத்தில் பார்த்தபோது ஓட்டை அகன்றிருந்தது. யாரோ கம்பி விட்டுக் குடைந்திருக்கிறார்கள். புதுசு மெட்ராசில்தான் கிடைக்கும். ஈயம் ஊற்றி ஓட்டையை அடைத்து, தையல் ஊசியைத் தட்டித் தீட்டி, கையாலேயே புதிதாக ஓட்டை போட்டார். அரைநாள் வேலை. தலையில் அரத்தால் பக்கம் பக்கமாக இரண்டு கீறல். தன் கைவேலை எதிலும் அவர் அப்படிப் போட்டுவிடுவார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கழற்றிய சின்னச் சாமானைத் தரையில் வைத்தால் மண்ணில் போய்விடும். அதனால் உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொள்வார். இரண்டு கையும் வேலையில் இருப்பவனுக்கு வாய்தான் மூன்றாவது கை. இது ஞாபகம் இருக்கட்டும்.

சித்திரைக்கு இரண்டு நாள் இருந்தது. அழகுமலையிடம் கொடுப்பதற்கு முன் தானே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று குடுமியான்மலை ரோட்டில் எடுத்தார். பன்னிரண்டரை மணி பஸ் எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அப்புறம் ரோட்டில் ஆளில்லை. உச்சி வெயில். நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

எஞ்சின் சுத்தமாக ஓடியது. ஜெட் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

நின்றது.

நின்றதோடு விடவில்லை. ஹேண்டில் தானாக இடப்பக்கம் திரும்பி, ரோட்டைவிட்டு விலகிப் போகிற ஒரு மண்பாதைக்குள் கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது. மேடான இடம். பிரேக் பிடித்தும் உருண்டது.

சுற்றிப் பார்த்தார். உடைந்த கலயங்கள். கருகிய மூங்கில். சாம்பல்.

சுடுகாட்டு விலக்கு.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. புதுக்கோட்டை ரோட்டில் நின்ற இடம்... அதுவும் ஒரு சுடுகாட்டு விலக்கு. இலுப்பூர் ரோட்டில் நின்ற இடம்... அதுவும்தான்.

இருக்கட்டும் என்று நினைத்தார். பிணம் வேகிற பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்த ஆள் அவர். பெட்ரோல் குழாயை மூடினார். கிண்ணத்தைக் கழற்றினார். ஜெட்டைத் திருகி எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார்.

கிண்ணம் நிறையத் தண்ணீர். கொட்டினார்.

மேலேயிருந்து மறுபடி சொட்டியது.

சொட்டு... சொட்டு...

குழாய் மூடியிருக்கிறது. எங்கேயிருந்து வருகிறது?

சீட்டைத் தொட்டார். ஈரம். டாங்கைத் தொட்டார். ஈரம். வண்டி முழுக்க நனைந்து வழிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு சொட்டும் காயவில்லை. நல்லெண்ணெய் வாசனை. சீயக்காய் வாசனை.

அப்போது வண்டி இருமியது.

கார்புரேட்டர் இருமுவது மெக்கானிக்குக்குப் புதிதில்லை. கலவை தப்பினால் ஓடுகிற எஞ்சின் இருமும்.

ஓடாத எஞ்சின் இருமாது.

மறுபடி இருமியது. திறந்த வாய்க்குள்ளிருந்து.

அழகுமலையின் இருமல் அவருக்குத் தெரியும். அது தூள் இருமல், வறண்டது. இது அப்படி இல்லை...

தண்ணீர் குடித்தவன் இருமல்.

எழுந்திருக்கப் பார்த்தார்.

உதட்டில் இருந்த ஜெட் நகர்ந்தது. உள்பக்கமாக.

நாக்கால் தொட்டார்.

பித்தளை இல்லை.

சின்னதாக, நீளமாக, ஈரமாக... ஒன்று.

இன்னொன்று.

வாய் நிறைந்தது.

துப்பினார். அரிசி.

மறுபடி துப்பினார். ஈரப் பச்சரிசி. துப்பத் துப்ப வந்தது. தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். காலடியில் ஒரு பிடிக்கு மேல் கிடந்தது.

ஜெட் இல்லை.

மண்ணில் இல்லை. அரிசியில் இல்லை. வாயில் இல்லை.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அன்னவாசல் வரைக்கும் ஓடினார்.

அழகுமலை நம்பவில்லை. சிரிக்கக்கூடச் செய்தான்.

“வெயில் மண்டைக்கு ஏறிருச்சு மச்சான். கல்லு ஒடச்ச ஆளு நீங்க. ஊர்ல சொல்லிராதீங்க.”

அவனே போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். நடந்து வரவில்லை. வண்டியில் வந்தான்.

“என்னமோ சொன்னீங்க. கிண்ணத்த மாட்டுனேன், ஒரே ஒதை.”

மலையாண்டி உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். வெறும் துளை.

“ஜெட்டு இல்லாம ஓடுமா மச்சான்?”

“ஓடாது.”

“ஓடுச்சே.”

“அதான் சொல்றேன். நாளைக்கு நான் கறம்பக்குடி போயி அந்த ஆளப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் தொடாத.”

“நாளன்னைக்கு ஒண்ணாந் தேதி.”

“தெரியும் மாப்ள.”

“தெரியும்னா சரி” என்றான் அழகுமலை. “எங்கண்ணனக் கூடையில தூக்குனப்ப மேல நின்னு கயத்த இழுத்தவன் நான். நான் திரும்பி எறங்க மாட்டேன் மச்சான்.”

மலையாண்டி கார்புரேட்டரை மாட்டினார். பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளக் இல்லாத வண்டி வெறும் இரும்பு. அவன் எடுக்க முடியாது. அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் காலை முதல் பஸ். புதுக்கோட்டையில் மாறி, கறம்பக்குடியில் இறங்கி நடந்தார். ரெங்கசாமி களத்தில் எள் உலர்த்திக்கொண்டிருந்தார். கார்புரேட்டர், அரிசி என்று இரண்டு சொல் கேட்டதும் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

“எந்தம்பி பேரு சந்தனம்ங்க. ஐப்பசி மழையில கண்மாய்க் கரையில வந்தான், சறுக்கிருச்சு. வண்டி பனமரத்தடியில மாட்டிக்கிருச்சு. அவன் உள்ள போயிட்டான். நெறஞ்ச கண்மாய். தேடித் தேடிப் பாத்தோம், ஒடம்பு கெடைக்கல.”

“சரிங்க.”

“எங்காத்தா சோறு தண்ணி எடுக்கல. வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தச் சொன்னுச்சு. இதுதான் எம்புள்ள, இதுக்குச் செய்யிங்கன்னுச்சு. நீர்மாலைத் தண்ணி எடுத்தாந்து, எண்ணெ சீயக்கா வச்சுக் குளிப்பாட்டுனோம். கோடித்துணி போத்துனோம். எல்லாம் மனுசனுக்குச் செய்யிற மாதிரி.”

எள்ளைக் கையால் ஒதுக்கினார்.

“வாய்க்கரிசி போடணும்ல. வண்டிக்கு வாய் எதுன்னு முழிச்சோம். லாரிக் கிளீனர் ஒருத்தன் வந்திருந்தான். இதுலதான் காத்து உள்ள போகுதுன்னு காமிச்சான். எங்காத்தாதான் மொதப் பிடி போட்டுச்சு.”

“அப்புறம் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருப்பீங்களே?”

ரெங்கசாமி குனிந்து பலகையை எடுத்தார்.

“கொண்டு போகலியா?”

“பொதைக்கணும்னாங்க. குளிப்பாட்டினது காடு போயே ஆகணும், வீட்ல நிக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. புது மாதிரி வண்டிங்க. மண்ணுல போடவா மனசு வரும்? நாந்தான் அரிசியத் தட்டி எடுத்துட்டு வித்துப்புட்டேன்.”

மலையாண்டி அவரைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. வந்த வழியே பஸ்ஸுக்கு ஓடினார். குளிப்பாட்டின பிணம் காடு போய்ச் சேராமல் ஊர் ஊராகச் சுடுகாட்டு விலக்கைத் தேடிக்கொண்டு அலைகிறது. அதன் மேல் தங்கை புருசன் உட்கார்ந்திருக்கிறான்.

புதுக்கோட்டையில் பஸ் தாமதமாயிற்று. அன்னவாசலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. செவந்தி கடை வாசலில் நின்றாள்.

“மாப்ள எங்க?”

“வண்டி சத்தம் கேக்குதுன்னு எந்திரிச்சு வந்தாருண்ணே. ஸ்டார்ட் ஆயிருச்சு புள்ளன்னு கத்துனாரு. உச்சிப் பொழுது. சிரிச்சுக்கிட்டே போனாரு.”

“பிளக்கு?”

“என்னது?”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிளக் அங்கேயே இருந்தது.

குடுமியான்மலை விலக்கில், மண்பாதை முடிகிற இடத்தில், எரிமேடைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. எஞ்சின் கை வைக்க முடியாத சூடு. பிளக் மாட்ட வேண்டிய ஓட்டை திறந்து கிடந்தது.

அழகுமலை மேடையில் மல்லாந்து கிடந்தான். கை கால் நீட்டி, யாரோ கிடத்திவைத்த மாதிரி. ஒரு காயம் இல்லை.

நெஞ்சு என்றார் டாக்டர். பாறைத் தூள் தின்ற நெஞ்சு, வெயிலில் நின்றுவிட்டது என்றார். இருக்கலாம். அப்படிச் செத்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

மறுநாள் சித்திரை ஒன்று. மேஸ்திரி வேலைக்குப் போக வேண்டியவனைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட மலையாண்டி குனிந்தார். தாடையைத் தொட்டு உதட்டை விலக்கினார்.

உள்ளே ஏற்கெனவே அரிசி இருந்தது. ஈரமாக.

யாரிடமும் சொல்லவில்லை. அதன் மேலேயே தன் பிடியையும் போட்டார்.

அவனை எரித்து முடித்த பிறகு, அங்கேயே ஓரமாகக் குழி வெட்டி வண்டியைப் புதைத்தார். வெட்டியானும் அவரும் மட்டும். பையில் இருந்த பிளக்கையும் குழியில் போட்டார். மண் தள்ளி மூடும்வரை காது கொடுத்து நின்றார். சத்தம் ஒன்றும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் வெயில், நெஞ்சு, மனப்பிராந்தி என்று ஏதாவது சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். மலையாண்டியும் அப்படித்தான் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதம். ரெங்கசாமி கடை வாசலில் வந்து நின்றார். தலை மொட்டை.

“கண்மாய் வத்திருச்சுங்க. மடைக்கு முன்னாடி சேத்துக்குள்ள கெடந்தான். எலும்புதான். எடுத்து எரிச்சுட்டோம்.”

“நல்லதுங்க.”

“ஒரு சந்தேகம். அதக் கேக்கத்தான் வந்தேன்.” மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். “பல்லுக்கு நடுவுல இருந்துச்சு. இறுக்கிக் கடிச்சிருந்தான். பித்தளையா இருக்கேன்னு எடுத்து வச்சேன். வண்டி விழுகும்போது தெறிச்சு வாய்க்குள்ள போயிருக்குமா? அந்த வண்டிச் சாமானான்னு நீங்கதான் சொல்லணும்.”

கடலைப் பருப்பு அளவு. நடுவில் தலைமயிர் போகிற ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஈயம்.

மலையாண்டி அதைத் திருப்பிப் பார்த்தார்.

தலையில், பக்கம் பக்கமாக, அரத்தால் போட்ட இரண்டு கீறல்.

சந்தனம் கண்மாய்க்குள் போனது ஐப்பசியில். மலையாண்டி அந்தக் கீறலைப் போட்டது பங்குனியில்.

“ஆமாங்க” என்றார். “அந்த வண்டிதான்.”